நான்கு சக்கரம் இருந்தால் கவிழாதா?

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் அடுத்த விடுமுறையில் குடகுக்குச் சுற்றுலா போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். ராஜா சீட், அப்பி அருவி, தலைக்காவேரி எல்லாம் இருந்தன. கடைசி வரியில் "குவாட் பைக் சவாரி" என்று ஒன்றும் இருந்தது. "ஐயா, போன டிசம்பரில் நீங்கள் ஓட்டினீர்களாமே, அதைப் பற்றி நம் மலருக்கு நாலு வரி எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற விஷயமாக அது இல்லை. ஓட்டிய மகிழ்ச்சியைச் சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தைய நாள் நான் செய்ய இருந்த ஒரு பெரும் பிழையைச் சொல்லியாக வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் குடியிருக்கிறேன். கோலார் தங்கவயலில் பிறந்தவன். பெமல் தொழிற்சாலையின் மைசூர்ப் பிரிவில், டம்பர் லாரிகளுக்குப் பின் ஆக்சில் பூட்டும் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வயது 67. சக்கரம், ஆக்சில், கியர் என்றால் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பு குடகில் ஒரு காப்பிச் செடிக்குள் போய் நின்றது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் நாள் நடந்தது

பெங்களூரில் இருக்கும் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி மூவரும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். விஜயநகர்க்காரர்களுக்குக் குடகு போவது எளிது. ஊருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. ஹூன்சூர் சாலையில் ஏறி ஹிங்கல் தாண்டிவிட்டால் நேர்வழிதான். இலவாலா, பிளிகெரெ, ஹூன்சூர், பிரியாபட்டணம், பைலகுப்பே, குஷால்நகர் என்று ஊர்கள் வரும். மடிக்கேரி வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மைசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மடிக்கேரி 1,150 மீட்டருக்கும் மேலே. குஷால்நகருக்கு அப்பால் சாலை வளைந்து ஏறத் தொடங்கும்போது காற்று மாறுவது காருக்குள்ளேயே தெரியும். டிசம்பர் மாதம் அரபிகா காப்பி பழுக்கும் காலம். நிழல் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அடியில் காப்பிச் செடிகள் செக்கச் செவேலென்று காய்த்திருந்தன.

வழியில் ஒரு தோட்டத்து வாசலில் பலகை ஒன்று பேத்தியின் கண்ணில் பட்டுவிட்டது. தடித்த நான்கு சக்கரமும் மோட்டார் சைக்கிள் போன்ற கைப்பிடியும் வரைந்த பலகை. "தாத்தா, அது வேணும்" என்றாள். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே போனோம். பணம் வாங்கிக்கொண்டார்கள். வயது கேட்கவில்லை. முன்பு ஓட்டியிருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. தாடை வார் அறுந்த ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்ததும், அங்கிருந்த பையன் பேத்தியைத் தூக்கிப் பின்னாலிருந்த கம்பிக் கேரியரில் வைத்து, "தாத்தாவைக் கெட்டியாகப் பிடிச்சுக்கோ" என்று சைகை காட்டினான். "குழந்தை விழுந்துவிடாதா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கன்னடத்தில், "ஏனூ ஆகல்லா சார், நால்கு சக்ர இதெயல்லா!" என்றான். அதாவது, ஒன்றும் ஆகாது, நான்கு சக்கரம் இருக்கிறதே என்கிறான்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்கூட்டர் விழும், ஏனென்றால் இரண்டே சக்கரம். நாற்காலி விழாது, ஏனென்றால் நான்கு கால். புறப்படுகிற சமயத்தில்தான் பெட்ரோல் டாங்கிக்குக் கீழே பாதி உரிந்துபோன ஒரு ஸ்டிக்கரைக் கவனித்தேன். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் படமும் அதன்மேல் குறுக்கே ஒரு கோடும் இருந்தன. பக்கத்தில் 16 என்ற எண். என் வேலைக் காலத்தில் இத்தகைய எச்சரிக்கைத் தகடுகளை எத்தனையோ வண்டிகளில் அடித்திருக்கிறேன். வண்டி செய்கிறவன் காரணம் இல்லாமல் அதற்குக் காசு செலவழிக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

இறங்கிவிட்டேன். பேத்தியையும் இறக்கினேன். அவள் அழுத அழுகை தோட்டம் முழுவதும் கேட்டிருக்கும். மகனுக்குக் கோபம். "எல்லாரும்தான் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறார்கள் அப்பா. நீங்கள் மட்டும் ஏன் இப்படி?" என்றான். அவனுக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை. கொடுத்த பணமும் திரும்பி வரவில்லை. மடிக்கேரி வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். பனியிலும் சேற்றிலும் ஓடுகிற ஒரு வண்டி இருந்தால் அப்போதும் வியாபாரம் நடக்குமே என்று அங்குள்ள ஹோண்டா விற்பனையாளர்கள் கேட்டார்கள். அதற்காக ஹோண்டா செய்து 1970-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, எல்லாம் பலூன் போன்ற தடித்த டயர்கள். நான்கு சக்கர வண்டியை 1982-ல் சுஸுகி கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் பெருகியதால் அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. 1988-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது.

அத்துடன் ஆபத்து தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள். தீரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆடு மாடு மேய்க்கும் பண்ணைகளில் குவாட் பைக் அன்றாட வாகனம். அங்கே கவிழ்ந்த வண்டிக்கு அடியில் சிக்கி இறந்தவர்கள் பலர். ஆகவே, பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக்குகளில் கவிழும்போது ஓட்டுபவரைக் காக்கும் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் அந்நாட்டு அரசு கட்டாயமாக்கியது. நான்கு சக்கரம் இருப்பதால் ஒன்றும் ஆகாது என்றால் இந்தக் கட்டாயம் தேவைப்பட்டிருக்காது அல்லவா?

தீப்பெட்டிச் சோதனை

அன்று இரவு தங்கும் விடுதியில் பேத்தி சாப்பிட மறுத்துவிட்டாள். கீழே பெட்டிக் கடைக்குப் போய் ஒரு கட்டு தீப்பெட்டி வாங்கி வந்தேன். தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்றின் மேல் துண்டைச் சுற்றினேன். துண்டு எதற்கென்றால், பெட்டி வழுக்காமல் இருப்பதற்கு. பெட்டி ஒன்றைப் படுக்க வைத்து, புத்தகத்தை ஒரு பக்கமாகத் தூக்கச் சொன்னேன். எவ்வளவு தூக்கியும் அது சறுக்கியதே தவிர உருளவில்லை. பிறகு இரண்டு பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ரப்பர் பேண்டால் கட்டி வைத்தோம். பிறகு மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து சேர்ந்ததும், புத்தகம் கொஞ்சம் உயர்ந்த உடனேயே அடுக்கு தலைகுப்புற விழுந்தது. அடியில் இருந்த பெட்டியின் அகலம் மாறவேயில்லை. உயரம் மட்டுமே கூடியது.

"இப்போ புரியுதா? கீழே அதே சக்கரந்தான். மேலே ஆள் ஏற ஏற வண்டி சீக்கிரம் விழும்" என்றேன். அவள் ஐந்தாவது பெட்டியைத் தொட்டு, "இது நானா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு சாப்பிட்டாள்.

மகன் பொறியியல் படித்தவன். அவனுக்குத் தீப்பெட்டி போதாது. ஆகவே காகிதத்தில் கணக்குப் போட்டோம். வண்டிக்கு வண்டி அளவு மாறும். எனினும் முறை விளங்குவதற்காக இப்படி வைத்துக்கொள்வோம்.

வலது இடது சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ. அதில் பாதி 45 செ.மீ. வண்டியின் எடை 250 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, ஆக 320 கிலோ. இரண்டும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டுச் சரிவில் வண்டி நிற்கும்போது, எடை மையத்திலிருந்து விட்ட தூக்குக்குண்டு நூல் கீழ்ப்பக்கச் சக்கரத்தைத் தாண்டி வெளியே போனால் வண்டி கவிழும். 45-ஐ 60-ஆல் வகுத்தால் 0.75. பள்ளிக்கூடக் கணித அட்டவணையில் டேன்ஜென்ட் பக்கத்தைப் பார்த்தால் இது ஏறத்தாழ 37 டிகிரி. இதுதான் தனி ஆளுக்கு எல்லை.

இப்போது பின்னால் கேரியரில் 28 கிலோ குழந்தை. அவளுடைய எடை மையம் தரையிலிருந்து 110 செ.மீ. சேர்த்துப் பார்ப்போம். 320 × 60 = 19,200. 28 × 110 = 3,080. கூட்டினால் 22,280. மொத்த எடை 348 கிலோவால் வகுத்தால் 64 செ.மீ. எல்லை 35 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

"இரண்டு டிகிரிதானே!" என்றான் மகன். அந்த இரண்டு டிகிரி எங்கே செலவாகிறது என்று பாருங்கள். மலைச்சரிவில் 25 டிகிரி சாய்வில் குறுக்காகப் போகிறோம். மேல்பக்கத்துச் சக்கரங்கள் 15 செ.மீ. உயரமுள்ள ஒரு மண்திட்டின்மேல் ஏறுகின்றன. 90 செ.மீ. அகலத்துக்கு 15 செ.மீ. உயர்ந்தால் அது இன்னும் 9½ டிகிரி. ஆக 34½. இந்த டயர்களில் காற்று மிகவும் குறைவு. எடை முழுவதும் கீழ்ப்பக்கம் சாயும்போது அந்த டயர்கள் 2 செ.மீ. நசுங்கினால் மேலும் ஒன்றேகால் டிகிரி. ஆக 35¾. தனி ஆள் ஒரு டிகிரி மிச்சத்தில் தப்பிவிடுவார். குழந்தையோடு போனவர் கவிழ்ந்திருப்பார். வேகமே இல்லாமல், நின்ற இடத்தில் வைத்த கணக்கு இது. ஓடும்போது வரும் குலுக்கலையும் திருப்பத்தையும் நாம் சேர்க்கவில்லை.

கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. தனியாக ஓட்டுபவர் தம் உடம்பை மேட்டுப் பக்கமாக 20 செ.மீ. நகர்த்தினால் என்ன ஆகும்? 70-ஐ 20-ஆல் பெருக்கி 320-ஆல் வகுத்தால், மொத்த எடை மையம் 4.4 செ.மீ. மேட்டுப் பக்கம் நகரும். 45 என்பது 49.4 ஆகிறது. எல்லை 37-லிருந்து 39½ டிகிரிக்கு உயர்கிறது. காரில் நாம் எப்படி உட்கார்ந்தாலும் அவ்வளவாக வித்தியாசம் இல்லை. ஏனென்றால் கார் நம்மைவிடப் பதினைந்து மடங்கு கனம். இந்த வண்டியிலோ ஓட்டுபவரின் உடம்பே பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே உடம்பை அசைத்துத்தான் இதை ஓட்ட வேண்டும். பின்னால் ஒருவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் அசையவும் முடியாது.

கணக்கை முடித்ததும் மகன் பேனாவை மூடி வைத்தான். "நாளைக்கு வேறு இடம் விசாரிப்போம் அப்பா" என்றான்.

ஆசான் கிடைத்தார்

மறுநாள் காலை விடுதிக்காரர் சொன்ன வேறொரு தோட்டத்துக்குப் போனோம். வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார். அவருடைய தாத்தா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, சுள்ளியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். பேரன் மலையேறிக் குடகுக்கு வேலைக்கு வந்திருக்கிறார்.

அவர் முதலில் பேத்தியின் வயதைக் கேட்டார். "பாப்பாவுக்கு இங்க வண்டி இல்லைங்க ஐயா. அம்மாவோட களத்துல உக்காந்து பாக்கட்டும்" என்றார். நான் மகனைப் பார்த்தேன். அவன் பேத்தியைப் பார்த்தான். அவளோ, "எனக்குத் தெரியும், நான் அஞ்சாவது தீப்பெட்டி" என்றாள். வழிகாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அரை மணி நேரம், காப்பிப் பழம் காயவைக்கும் களத்துக்குப் பக்கத்திலிருந்த சமதரையில் பாடம் நடந்தது. ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். செருப்போடு வந்த மகனுக்கு ஷூ கொடுத்தார். சிவப்பு நிறச் சுருள் கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் மாட்டினார். நான் வண்டியிலிருந்து விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும்.

ஆக்சிலேட்டர் ஸ்கூட்டரில் இருப்பதுபோல் முறுக்குவது அல்ல. வலது கைப் பெருவிரலால் தள்ளும் ஒரு சிறு நெம்பு. காரணம் கேட்டேன். மேடு பள்ளத்தில் உடம்பு பின்னால் தூக்கி எறியப்படும்போது, முறுக்குப் பிடியாக இருந்தால் நம்மை அறியாமல் கை அதை முறுக்கிவிடும், வண்டி இன்னும் பாயும். பெருவிரல் நெம்பு என்றால் விரலை எடுத்தால் போதும். நல்ல யோசனை.

டயரை அழுத்திப் பார்த்தேன். பெட்ரோல் பங்கில் காருக்கு 30, 32 என்று காற்று அடிக்கிறோம். இதற்கு 4 அல்லது 5 போதுமாம். தரையில் அகலமாகப் படிந்து சேற்றிலும் புல்லிலும் பிடிப்பதற்காக அப்படி. அதனாலேயே தார்ச்சாலை இதற்கு ஆகாது. நம் நாட்டில் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை சாலையில் ஓட்டப் பதிவு பெறாதவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் செய்த இரண்டு தவறுகள்

முதல் திருப்பத்தில் கைப்பிடியைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்க் காப்பிச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. மகன் சிரித்த சிரிப்பு களத்தில் உட்கார்ந்திருந்த மருமகளுக்கும் கேட்டது.

இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தேன். முப்பது வருடம் நான் பூட்டிய டிஃபரன்ஷியல் அங்கே இல்லை! இரண்டு பின் சக்கரங்களும் ஒரே உருட்டுக் கம்பியில் பூட்டியிருந்தன. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். 90 செ.மீ. இடைவெளியுள்ள வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 2.8 மீட்டர் கூடுதலாக ஓடும். சிறிய வட்டமானாலும் பெரிய வட்டமானாலும் வித்தியாசம் அதேதான். கார், லாரிகளில் இந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் சரிக்கட்டும். ஒரே கம்பியில் பூட்டிய சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவுதான் சுழலும். ஆகவே வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

அதற்கு மருந்தும் உடம்புதான். வழிகாட்டி செய்து காட்டினார். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, மேல் உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்த்து, ஆனால் பாரத்தை வெளிப்பக்கத்துக் கால்மிதியில் ஊன்ற வேண்டும். அப்போது உள்பக்கப் பின்சக்கரத்தின்மேல் பாரம் குறைந்து அது லேசாகச் சறுக்கிக்கொடுக்கும். வண்டி அழகாகத் திரும்பும். எல்லாக் குவாட் பைக்கும் இப்படி இல்லை. பெரிய வண்டிகள் சிலவற்றில் டிஃபரன்ஷியல் உண்டு. நீங்கள் ஏறுவது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. ஒரு சிறு சரிவில் வண்டி சாய்வதுபோல் தோன்றியதும், சட்டென்று இடது காலைத் தரையில் ஊன்றப் போனேன். நாற்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம். "ஐயா, கால் மேலே!" என்று வழிகாட்டி போட்ட சத்தத்தில் காலை இழுத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் காலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இதில் காலுக்கு நேர் பின்னால் பின்சக்கரம் வருகிறது. ஊன்றிய காலின்மேல் நம் வண்டியே ஏறிவிடும். நம்மவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். என்ன நேர்ந்தாலும் இரண்டு காலும் மிதியின்மேல் இருக்க வேண்டும்.

மலைப்பாதையில் நான்கு விதிகள்

சமதரையில் தேறிய பிறகுதான் மலைக்கு விட்டார். வழிகாட்டி முன்னால், நான் நடுவில், மகன் பின்னால். வண்டிக்கு வண்டி நல்ல இடைவெளி. அவர் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. ஏறும்போது உடம்பை முன்னால் கொண்டுபோக வேண்டும். செங்குத்தாக இருந்தால் இருக்கையிலிருந்து எழுந்து கைப்பிடியின்மேல் குனிய வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி பின்புறமாகப் புரளலாம். பாதி ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் பின்னோக்கி உருளவிடக் கூடாது. பிரேக்கைப் பிடித்து, நிறுத்தும் பூட்டைப் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கி, வழிகாட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2. இறங்கும்போது உடம்பைப் பின்னால் தள்ளி, கையை நீட்டி உட்கார வேண்டும். கியரைக் குறைத்து இன்ஜின் பிடியிலேயே மெதுவாக இறக்க வேண்டும். நேராக இறங்க வேண்டும். பாதியில் திருப்பக் கூடாது.

3. சரிவில் குறுக்கே போவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். போயே ஆகவேண்டும் என்றால், உடம்பு மேட்டுப் பக்கம் சாய வேண்டும். நம் கணக்கில் பார்த்த 20 செ.மீ. இதுதான்.

4. வழிகாட்டியின் சக்கரத் தடத்தை விட்டு விலகக் கூடாது. புல்லுக்கு அடியில் குழி இருக்கிறதா, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை இருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும்.

நான்காவது விதிக்கு அவர் இன்னொரு காரணமும் சொன்னார். 2018 ஆகஸ்ட் மாதம் பெய்த பேய்மழையில் மக்கந்தூர், ஜோடுபாலா போன்ற ஊர்ப்பக்கங்களில் மலைச்சரிவுகள் சரிந்து வீடுகளும் தோட்டங்களும் மண்ணோடு போனதை நாம் செய்தித்தாளில் படித்தோம். அந்தச் சரிவுகளுக்குக் காரணம் பெருமழையும் மலையைக் கண்டபடி வெட்டியதும் என்று பேசப்பட்டது. இந்த வண்டிகள் அதற்குப் பொறுப்பு என்று சொல்லவில்லை. ஆனால் ஆளாளுக்கு ஒரு புதுத்தடம் போட்டால் புல் கிழியும். புல் கிழிந்த தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும். தண்ணீர் ஓடிய தடம் வாய்க்காலாகும். "ஒரே தடத்துல போனா ஒரு தழும்பு. பத்துத் தடத்துல போனா பத்துத் தழும்பு" என்றார் அவர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சவாரி எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். மிக நன்றாக இருந்தது. காப்பித் தோட்டத்துக்குள் நிழலில் நுழைந்து, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடையைக் கடந்து, கடைசியில் ஒரு புல்மேட்டுக்கு ஏறினோம். இன்ஜினை அணைத்ததும் ஒரே அமைதி. மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. கிட்டத்து மலை பச்சை, அடுத்தது நீலம், அதற்கும் அப்பால் வெறும் புகை. கை வலித்தது, இடுப்பு வலித்தது. ஆனாலும் 67 வயதில் புதிதாக ஒரு வண்டியைக் கற்றுக்கொண்ட சந்தோஷம் இருந்தது.

பேத்திக்கும் நஷ்டமில்லை. பிற்பகல் எல்லோரும் ஜீப்பில் மாந்தல்பட்டிக்குப் போனோம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் அந்தப் பாதையில் ஏறும். உள்ளூர் ஓட்டுநர்கள்தான் ஓட்டுகிறார்கள். அந்த இடத்தை முகிலுபேட்டை என்றும் சொல்கிறார்கள். முகில் என்ற நம் சொல் கன்னடத்திலும் முகிலாகவே இருப்பது மகிழ்ச்சி. பெயருக்கு ஏற்றாற்போல், நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

நம் இளைஞர்கள் இதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

• ஓட்டுபவரின் வயதைக் கேட்கிறார்களா? பெரியவர்களுக்கான வண்டியை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது.
• ஒரு வண்டிக்கு ஒரே ஆள்தானா? "பின்னால் உட்காரலாம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு பேருக்கென்றே நீளமாகச் செய்த வண்டிகள் உண்டு. அவற்றில் இரண்டாவது இருக்கையும் பிடியும் தனியாக இருக்கும். கம்பிக் கேரியர் மூட்டைக்கு உரியது.
• தாடை வார் சரியாக உள்ள ஹெல்மெட் தருகிறார்களா?
• சமதரையில் முதலில் பழகவிடுகிறார்களா?
• இன்ஜினை உடனே அணைக்கும் கயிறு அல்லது பொத்தான் வேலை செய்கிறதா? உங்கள் கண்ணெதிரில் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.
• வழிகாட்டி கூட வருகிறாரா, அல்லது வழியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறாரா?

இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்ட பிறகு தெரியவந்தாலும், போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். நான் விட்டுவிட்டேன்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

மேலே சொன்ன அதே வண்டி, அதே ஓட்டுநர். பின்னால் குழந்தைக்குப் பதிலாக 65 கிலோ எடையுள்ள நண்பர் ஒருவர் உட்காருகிறார். அவருடைய எடை மையம் தரையிலிருந்து 115 செ.மீ. எனில், வண்டி கவிழும் எல்லை எத்தனை டிகிரி? (விடை: மொத்த எடை மையம் ஏறத்தாழ 69 செ.மீ., எல்லை ஏறத்தாழ 33 டிகிரி.) 25 டிகிரிச் சரிவில் அந்த மண்திட்டு வந்தால் இருவர் கதியும் என்ன என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஐந்து தீப்பெட்டிகளும் ரப்பர் பேண்டோடு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பேத்தி அவற்றை எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சோதனை காட்டுகிறாள். அவளுக்கு 16 வயது ஆகும்போது மறுபடியும் குடகுக்குப் போவதாகப் பேச்சு. அப்போது எனக்கு 74 ஆகியிருக்கும். அவள் ஓட்டுவாள். நான் களத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.